முன்னுரை எழுதுகிறவர்களுக்கு ஒரு வாசகனின் மடல்

மொழிபெயர்ப்பு நாவல்களுக்கு முன்னுரை எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சொசெகியின் 'கொகோரோ' நாவலை வாங்கினேன். எந்தப் பதிப்பு என்று சொல்லப்போவதில்லை, இந்த வேலையைச் செய்கிறவர் ஒருவர் மட்டுமல்ல. ரயிலில் உட்கார்ந்து பிரித்தால், முன்னுரையின் மூன்றாம் பக்கத்திலேயே சென்செய் (கதை சொல்லும் பையன் 'ஆசான்' என்ற பொருளில் அப்படி அழைக்கும் மனிதர்) மாதாமாதம் யாருடைய கல்லறைக்குப் போகிறார், அந்த நண்பருக்கு என்ன ஆனது, அதில் இவர் பங்கு என்ன, எல்லாம் வந்துவிட்டது.

1914 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை 'அசாஹி' நாளிதழில் 110 அத்தியாயங்களாக வந்த கதை ஐயா இது! அன்றைய வாசகர்கள் நாலு மாதம் காத்திருந்து தெரிந்துகொண்டதை ஒரே பத்தியில் போட்டு உடைத்துவிட்டீர்கள்.

சென்செய் இறந்துவிட்டதை சொசெகியே முதல் பாகத்தில் சொல்லிவிடுகிறாரே என்பீர்கள். சரி, சொல்கிறார்தான், ஆனால் போகிறபோக்கில், காரணத்தைச் சொல்லாமல். அப்புறம் அந்த மனிதர் சாதாரணமாகப் பேசுகிற பேச்சைக்கூட நாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறோம்.

இரண்டாம் பாகத்துக்கு உங்கள் முன்னுரையில் இரண்டே வரி. எனக்கு நாவல் பிடிபட்டதே அங்கேதான். டோக்கியோ அறையில் பட்டச் சான்றிதழைத் தொலைநோக்கி மாதிரி சுருட்டி அதன் வழியே உலகத்தைப் பார்த்த பையன், அதைப் பெட்டியில் திணித்து ஊருக்குக் கொண்டுவருகிறான். சிறுநீரக நோயோடு இருக்கும் அப்பா அதை எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தி வைக்கப் பார்க்கிறார். ஒரு தடவை வளைந்த கெட்டிக் காகிதம் நிற்காமல் சரிந்துகொண்டே இருக்கிறது. வழக்கமாக எதிர்த்துப் பேசுகிறவன் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. கடைசியில் அதே அப்பாவைச் சாகக் கிடக்கையில் விட்டுவிட்டு, சென்செயின் கடிதத்தோடு ரயில் ஏறுகிறான். அப்பா என்ன ஆனார் என்று சொசெகி சொல்வதே இல்லை. (பாருங்கள், நானும் உங்களைப் போலவே உளறிவிட்டேன்.)

முன்னுரையே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1912இல் மெய்ஜி பேரரசரின் இறுதிச் சடங்கு நாளில் தளபதி நோகி ஏன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று முன்னாலேயே விளக்கியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். அது தெரியாமல் கடைசிப் பக்கங்களில் திணறிப்போனேன். மிச்சத்தையெல்லாம் பின்னுரையாக வையுங்கள். இந்த நூலின் முதல் பதிப்புக்கு அட்டையைக்கூடத் தானே வடிவமைத்தவர் சொசெகி, எதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியாதா?

தங்கைக்குப் படிக்கக் கொடுத்தபோது முன்னுரைப் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துத்தான் கொடுத்தேன்.

இப்படிக்கு,
ஏமாந்த வாசகன்