கத்திப் பிடிக்கு மரம் காயவைப்பது: சேகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. தாத்தாவாகிவிட்டாய், ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். இந்த மழையில் நம் சிங்கப்பூரில், உட்லண்ட்ஸ் பக்கம் துவைத்த துணி இரண்டு நாளாகியும் காயவில்லை. மரத்தைப் பற்றி எழுத ஏற்ற நேரம்தான்.

நீ கேட்டவை இரண்டு: அங்சானா மரக் கட்டைகளின் தலைப்பக்கம் ஏன் வெடித்தது, தம்பி மகனிடம் மெல்பர்னுக்குக் கொடுத்தனுப்பிய கத்தியில் எஃகின் இரு பக்கமும் வைத்த தேக்குப் பிடி ஏன் எஃகு விளிம்பைவிட உள்வாங்கியது. இரண்டுக்கும் ஈரம்தான் மூலம், ஆனால் தவறு வேறு வேறு.

வெடிப்பை முதலில் பார்ப்போம். ஈரம் குறுக்கே கசிவதைவிட நார்வாக்கில் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக வெளியேறும். வெட்டிய முகம் காய்ந்து சுருங்கப் பார்க்கிறது. அதற்கு ஓர் அங்குலம் பின்னால் மரம் இன்னும் ஊறிக் கிடக்கிறது. இழுபறியில் முகம் கிழிகிறது. அதனால் வெட்டிய அன்றே இரண்டு தலையையும் அடைத்துவிட வேண்டும். மெழுகைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, ஒவ்வொரு தலையையும் 5 மி.மீ. முக்கி எடு. மெழுகு இல்லாவிட்டால் தச்சர் வெள்ளைப் பசையைத் தடிப்பாக இரண்டு பூச்சு. ஆனால் பக்கங்களை அடைத்துவிடாதே, ஈரம் போக அதுதான் வழி.

உன் மூன்றாவது கட்டையில் வெடிப்பு நட்சத்திரம் போல விரிந்திருக்கிறது. அதை எந்த மெழுகும் காப்பாற்றியிருக்காது, ஏனென்றால் மரத்தின் நடுப்புள்ளி கட்டைக்குள்ளேயே இருக்கிறது. மரம் வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மையத்தைச் சுற்றி முழு வளையம் இருந்தால் அது எங்காவது பிளந்தே தீரும். உருளையை நடுவாக இரண்டாகப் பிளந்து, மையத்தை ஒட்டிய ஒரு விரல்கடை மரத்தைக் கழித்துவிடு. வெளுப்பான வெளிமரத்தையும் எடுத்துவிடு. அதில் மாவுச்சத்து இருப்பதால் பூச்சி துளைத்துப் பொடியாக்கும். பிடிக்கு வைரம் பாய்ந்த பகுதி மட்டும் போதும். கிளைக் கட்டை இனி வேண்டாம். சாய்ந்து வளர்ந்த கிளையின் மேற்பக்க மரம் நீளவாக்கிலும் சுருங்கி முறுக்கிக்கொள்ளும்.

அங்சானாவை நீ தேர்ந்தெடுத்தது சரிதான். நம் வேங்கையின் நெருங்கிய உறவு, சுருக்கம் குறைவு. (அதன் சீவலைத் தண்ணீரில் போட்டு வெயிலில் பிடித்துப் பார், நீலம் மினுங்கும்.) தூங்குமூஞ்சியும் குறைவாகவே சுருங்கும், ஆனால் மென்மை. ஒன்று மட்டும்: பூங்காவில் விழுந்து கிடப்பதானாலும் அனுமதியில்லாமல் எடுத்துவராதே.

பச்சைக் கட்டையை 150 × 55 × 40 மி.மீ. அளவுக்கு அறு. முடிந்த பிடியைவிட எல்லாப் பக்கமும் பெரிது. தலைகளில் ஒரு விரல்கடை வீணாகும் என்று வைத்துக்கொள். கட்டைகளுக்கு நடுவே சம தடிப்புள்ள குச்சிகள் கொடுத்து, வெயில் படாத இடத்தில் அடுக்கி, அறையின் மறுகோடியில் விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிடு. காற்றே இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் பூசணம் பிடிக்கும். நேராகக் கட்டை மேல் அடித்தால் மேற்தோல் மட்டும் காய்ந்து இறுகிவிடும். பிறகு உள்மரம் சுருங்கும்போது கட்டைக்குள்ளேயே கிழியும். வெளியே ஒன்றும் தெரியாது, அறுத்த பிறகுதான் தெரியும். மைக்ரோவேவில் வைத்து அவசரப்படுத்தும்போதும் இதுதான் நடக்கிறது. சில நேரம் உள்ளே கருகியும் போகும்.

"ஓர் அங்குலத்துக்கு ஓராண்டு" என்ற கணக்கை மறந்துவிடு. அது பெரிய பலகைக்குச் சொன்ன தோராயம். தராசை மட்டும் நம்பு. அறுக்கும்போதே கட்டைக்கு அடுத்த இடத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து எடை போடு. 40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 103 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை இறங்குவது நிற்கும்வரை காயவை, ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். இப்போது 22.2 கிராம் என்றால், போன தண்ணீர் 17.8, அதை 22.2ஆல் வகுத்தால் ஈரம் 80 விழுக்காடு. அதே மரத்துக் கட்டை 309 கிராம் என்றால், அதன் உலர் எடை 309 ÷ 1.8, அதாவது 172. ஈரம் 15 விழுக்காட்டுக்கு வரும்போது கட்டை 198 கிராம் காட்டும், 9 விழுக்காட்டில் 187. இந்த எண்களைக் கட்டை மேலேயே பென்சிலால் எழுதி, வாரம் ஒருமுறை நிறுத்துப் பார். ஊசி குத்தி ஈரம் காட்டும் மீட்டர் கைவசம் இருந்தால் கழிக்கப்போகும் ஓரத்தில் குத்து. மேற்பரப்பில் அது காட்டும் எண் உள்ளே இருப்பதைச் சொல்லாது.

உன் தேக்கு இடறியது இதற்கு அடுத்த படியில். எடை இறங்குவது நின்றதும் காய்ந்துவிட்டது என்று நினைத்துவிட்டாய். சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும். அந்தக் காற்றில் மரம் 15, 16 விழுக்காட்டில் நின்றுவிடும். பத்து வருடம் வைத்தாலும் அதற்குக் கீழே போகாது. மெல்பர்னில் குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டுக்குள் காற்று 40 விழுக்காட்டுக்கு இறங்கினால், மரம் 8க்குக் கீழே போகப் பார்க்கும். 30 மி.மீ. அகலமுள்ள தேக்குப் பலகை, வளையப் போக்கில் அறுத்தது, அந்த ஏழரை விழுக்காட்டுக்கு 0.4 மி.மீ. சுருங்கும். விளிம்புக்கு 0.2. எஃகு சுருங்காது. நகத்தில் தட்டுப்படுவது அந்த வித்தியாசம்தான். பிடியை எஃகோடு பிணைக்கும் ரிவிட்டைச் சுற்றி விரிசல் விழாதது உன் நல்ல நேரம்.

அதே பலகையில், தலைப்பக்கம் பார்க்கும்போது வளையக் கோடுகள் அகல முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்திருந்தால் சுருக்கம் 0.23 மி.மீ. தான். இனி அப்படியே அறு.

ஆகவே வெளிக்காற்றில் 15 விழுக்காட்டுக்கு வந்ததும் இரண்டாம் கட்டம். கட்டையைச் செய்தித்தாளில் இரண்டு சுற்று சுற்றி ஏர்கான் அறையில் ஒரு மாதம் வை. இரவு ஓடி பகல் நிற்கும் ஏர்கானின் ஏற்றயிறக்கத்தைத் தாள் மட்டுப்படுத்தும். அப்புறம் உன் கேமரா வைக்கும் உலர்பெட்டியில் காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டில் வை. மரம் 9க்கு வந்து நிற்கும். ஈரக் கட்டையை நேராகப் பெட்டியில் வைத்தால் வெடிக்கும், லென்ஸுக்கும் நல்லதல்ல.

ஏர்கான் இல்லாத வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் புழங்கும் கத்திக்கும் நான் 9, 10 விழுக்காடே சொல்வேன். அங்கே பிடி சற்று உப்பி எஃகுக்கு மேலே ஒரு இழை எழும்பும். உப்புத்தாளில் தேய்த்தால் சரியாகிவிடும். சுருங்கிய பிடிக்கு அது உதவாது, எஃகைத்தான் தேய்க்க வேண்டியிருக்கும்.

9க்கு வந்த கட்டையை 12 மி.மீ. பலகைகளாக அறுத்து, இன்னும் இரண்டு வாரம் பெட்டியிலேயே விடு. உள்ளிறுக்கம் தளர்ந்து கோணுவதெல்லாம் அப்போது கோணட்டும். பிறகு 10 மி.மீ. தடிப்புக்கு இழைத்து, அன்றே ஒட்டு. தேக்கானால் எண்ணெய்ப் பசை இருக்கும். எப்பாக்ஸிப் பசை வைக்கும் முன் அசிட்டோனால் துடை. 6 மி.மீ. ரிவிட்டுக்கு 6.1 துளை, அடித்து நுழைக்கும்படி இறுக்கமாக வேண்டாம். அங்சானாத் தூளுக்கு முகக்கவசம் போட்டுக்கொள்.

ஆளி எண்ணெய் பூசுவது ஈரத்தை மெதுவாக்கும், தடுக்காது. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதே, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு, பிறகு எறி.

மெல்பர்ன் கத்தியை இப்போது தொட வேண்டாம். மரம் அந்த ஊர்க் காற்றுக்கு முழுசாக இறங்கிய பிறகு, வீட்டைச் சூடேற்றும் மாதங்களின் கடைசியில், எஃகு விளிம்பை மரத்தோடு சமமாகத் தேய்த்துக்கொள்ளச் சொல். நல்ல கட்டைகள் இரண்டின் இப்போதைய எடையை எழுதி அனுப்பு. துண்டு எடுத்து வைக்கவில்லை என்றாலும் வழி இருக்கிறது, வெடித்த மூன்றாவதை அடுப்பில் வைத்துக் கணக்குப் பார்க்கலாம்.

அன்புடன்,
முத்து