இரண்டாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் தவணை இனிதே நிறைவடைகிறது. தமிழ்த்தினப் போட்டிகளிலும் சதுரங்கத்திலும் நம் பிள்ளைகள் பரிசுகள் பெற்றார்கள். சாரணர் அணியும் நன்றாகச் செய்தது. அனைவருக்கும் பாராட்டுகள். தவணைப் பரீட்சைப் பெறுபேறுகள் வகுப்பாசிரியர் ஊடாகக் கிடைக்கும்.

இன்னொரு விடயத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. உடற்கல்விப் பாடவேளையிலிருந்து பிள்ளையை விடுவிக்கும்படி கேட்டு வரும் கடிதங்கள் இந்தத் தவணையில் கூடிவிட்டன. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகிறது, அந்த நேரத்தில் வினாத்தாள் செய்யட்டும் என்கிறார்கள் சிலர். களைத்துப்போய் ரியூஷனில் தூங்குகிறான் என்கிறார்கள் வேறு சிலர். மகள் வெயிலில் கறுத்துப்போவாள் என்று எழுதியவர்களும் உண்டு. உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடியில் இருந்து, வான் வண்டியில் பாடசாலைக்கு வந்து, அதே வண்டியில் ரியூஷனுக்குப் போகிற பிள்ளை வேறு எங்கே ஓடும்?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 5 முதல் 17 வயதுவரையான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க உடலை அசைக்க வேண்டும். வாரத்தில் 3 நாளாவது வேகமான ஓட்டமும், தசையையும் எலும்பையும் பலப்படுத்தும் குதித்தல், ஏறுதல் போன்றவையும் வேண்டும். வாரக் கணக்கில் அது 420 நிமிடம். பாடசாலையில் கிடைப்பதோ 40 நிமிடப் பாடவேளைகள் இரண்டுதான்.

ஞாயிறு நீச்சலுக்கு விடுகிறோமே என்று கேட்கலாம். நல்லது, விடுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. வேலை செய்யும் தசை, சீனியைக் கட்டுப்படுத்தும் ஹோர்மோனான இன்சுலினை அதிகம் நம்பாமலே இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்கிறது. விளையாடி முடிந்த பிறகும் ஓரிரு நாட்கள் இன்சுலின் நன்றாக வேலை செய்யும், பின்னர் அந்தப் பயன் குறைந்துவிடும். அதனால்தான் நாளாந்தம் என்கிறார்கள். பிள்ளை மெலிவுதானே என்றும் இருந்துவிட முடியாது. தெற்காசியரான நமக்குப் பெரிய பருமன் இல்லாமலே, அதுவும் இளவயதிலேயே, சீனி வருத்தம் (நீரிழிவு) வருகிறது. இரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவது சிறுவயதிலேயே தொடங்கக்கூடியது.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன்: அடுத்த தவணை முதல், வைத்தியரின் கடிதம் இல்லாமல் எந்தப் பிள்ளையும் உடற்கல்வியிலிருந்து விடுவிக்கப்படமாட்டாது. அந்தப் பாடவேளையைக் கணிதத்துக்குத் தரும்படி வகுப்பாசிரியர்களை நெருக்க வேண்டாம். தரம் 5க்கும் சாதாரண தர வகுப்புகளுக்கும் இதே விதிதான்.

தொய்வு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகள் வைத்தியர் சொன்னபடி மருந்து உள்ளிழுக்கும் பம்ப்பைக் கொண்டுவரட்டும், ஆசிரியர்கள் கவனித்துக்கொள்வார்கள். வெயில் குறித்த கவலை நியாயமானதே. தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொடுத்துவிடுங்கள். மீதி நிமிடங்களை ஒரேயடியாகச் சேர்க்க வேண்டியதில்லை. லிப்டை விட்டுப் படியேறலாம், மாலையில் மெரின் டிரைவில் வேகமாக நடக்கலாம். விடுமுறையில் காலிமுகத்திடலில் பட்டத்தோடு ஓட விடுங்கள்.

இல்ல விளையாட்டுப் பயிற்சிகளுக்குக் காலையிலேயே பிள்ளைகளை அழைத்து வந்து, மைதானத்தில் கூடவே நின்ற பெற்றோருக்கு என் மனமார்ந்த நன்றி. வேலைக்குப் போகும் அவசரத்திலும் நீங்கள் அதைச் செய்தீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அதிபர்