வெளியே ரூம் எடுத்த பிள்ளைக்கு

அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் சௌக்கியம். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியாகிவிட்டது. அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

போன வாரம் பேசியபோது சிக்னல் சரியில்லை, காமிரா வேண்டாம் என்றாய். அதற்கு முந்தின தடவையும் சிக்னல்தான். சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை. பருப்புப் பொடி தீர்ந்துவிட்டதா என்று மட்டும் கேட்டேன். இன்னும் பிரிக்கவே இல்லை என்றாய். பொங்கலுக்கு அனுப்பிய பொடி, கண்ணு.

தம்பி தன் லேப்டாப்பை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தியவள் சும்மா இருப்பேனா? காலேஜ் அறையைக் காலி செய்துவிட்டு கவ்லி ரோட்டில் ரூம் எடுத்திருக்கிறேன் என்று நீ சொன்னதிலிருந்து, ஆக்ஸ்போர்டில் வெளியே தங்கிப் படித்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்று தேடித் தேடிப் படிக்கிறேன்.

காலேஜ் செலவு தாங்காதவர்களுக்காக 1868-ல் விதியை மாற்றியிருக்கிறார்கள். எந்தக் காலேஜிலும் சேராமல் டவுனில் தங்கியே பல்கலைக்கழகத்தில் படிக்கலாம் என்று. படிப்பு கிடைத்தது, சாயங்காலம் எங்கே போய் உட்காருவது? மற்றவர்களுக்குச் சாப்பாட்டு ஹால், படகு எல்லாம் காலேஜே கொடுத்தது. இவர்களுக்கு வாடகை அறையின் நாலு சுவர்தான். யாரும் வந்து கூப்பிடட்டும் என்று காத்திருக்கவில்லை. அவர்களே ஒரு கிளப் வைத்தார்கள். கூடிய இடத்தின் பேரிலேயே செயின்ட் கேத்தரின்ஸ் கிளப். பல்கலைக்கழகம் 1931-ல்தான் அதை செயின்ட் கேத்தரின்ஸ் சொசைட்டி என்று ஒப்புக்கொண்டது. 1962-ல் அதுவே காலேஜாகிவிட்டது. டென்மார்க்காரர் ஆர்னே யாக்கப்சன் கட்டிடத்தோடு நாற்காலிகளையும் சேர்த்து வரைந்து கொடுத்தாராம். நீ தினமும் அந்தப் பக்கம்தானே போகிறாய், ஒரு நாளாவது உள்ளே போய்ப் பார்த்தாயா?

எரிக் வில்லியம்ஸ் டிரினிடாடிலிருந்து வந்து படித்தது இந்தச் சொசைட்டியில்தான். வரலாற்றில் முதல் வகுப்பு, பிறகு அந்த நாட்டுக்கே முதல் பிரதமர். கேம்பிரிட்ஜில் நம் நேதாஜி ஃபிட்ஸ்வில்லியம் ஹால் மாணவர். அதுவும் இதே மாதிரி காலேஜ் சேராதவர்களுக்கு வந்த ஏற்பாடு.

பெண் பிள்ளைகள் கதை இன்னும் பெரியது. ஆக்ஸ்போர்டில் 1879-லிருந்து யார் யார் வீட்டிலோ தங்கிப் படித்திருக்கிறார்கள், ஹோம் ஸ்டூடன்ட்ஸ் என்று பேர். பாடம் உண்டு, பட்டம் 1920 வரை கிடையாது. அப்படியும் சேர்ந்து நின்றார்கள். அவர்கள் சங்கம்தான் 1952-ல் செயின்ட் ஆன்ஸ் காலேஜ் ஆனது.

உனக்கு அந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. உன் காலேஜில் உனக்கென்று காமன் ரூம் இருக்கிறது, நீதான் முதல் வருஷம் போட்டோ அனுப்பினாய். ரூம் வெளியே என்றால் ஆளும் வெளியேயா? ஒரு வேளையாவது நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடு.

நான் ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்து படித்தபோது ஹாஸ்டல் கிடைக்காத நாங்கள் மரவனேரியில் ரூம் எடுத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மெஸ் கிடையாது. ஸ்டவ் வைத்திருந்தவள் ரூமில் எல்லோரும் கூடி உப்புமா கிளறுவோம். அதற்குக் கிளப் என்று பேர் வைக்க எங்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஸ்டீல் பிளான்ட் மாமா வந்திருந்தார். தறிச் சத்தத்துக்கு நடுவே படித்த பெண் ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி செய்கிறாள் என்று அவரே தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ‘பாப்பா இளைச்சிருக்காளா?’ என்று கேட்டார். நான் எங்கே பார்த்தேன், சொல்வதற்கு?

நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சின்ன அத்தையும்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை விடு. நீ வேறு, அவள் வேறு. அப்பாவிடம் நான் இதை எழுதியதாகச் சொல்லாதே.

ஆராய்ச்சி தள்ளிப்போனால் போகட்டும். பணம் வேண்டுமென்றால் கேள். தனியாகச் சாப்பிடாதே.

பார்சல் அனுப்பியிருக்கிறேன். தட்டுவடையும், ஏற்காட்டு மாமா தோட்டத்துக் காபிப் பொடியும். சிக்கரி போடவில்லை. தட்டுவடை நீ ஒருத்தியாகத் தின்று தீர்க்கிற அளவில்லை, வேண்டுமென்றேதான் அப்படிக் கட்டினேன். யார் யாருக்குக் கொடுத்தாய் என்று பேரோடு எழுது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருப்பார். காமிரா போட்டுப் பேசு. ரூமில் சிக்னல் இல்லையென்றால் காலேஜுக்குப் போய் அந்தக் காமன் ரூமிலிருந்து பேசு.

அன்புடன்,
அம்மா