பெயர் அழிந்த டூரிங் சைக்கிள்: விலை பேசும் முன் அளந்து பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 'பழைய இங்கிலிஷ் டூரிங் சைக்கிள், ரெனால்ட்ஸ் 531' என்று உங்கள் வரி விளம்பரப் பகுதியிலும், இங்கே இங்கிலாந்தில் காரின் டிக்கியில் பொருள் வைத்து விற்கும் கார் பூட் சந்தைகளிலும் விலை சொல்லப்படும் வண்டிகள் பலவற்றில் செய்தவரின் பெயரே இருப்பதில்லை. ஹேண்டில் பாருக்குக் கீழே இருக்க வேண்டிய பெயர்த்தகடு கழன்று போயிருக்கும். புதிதாக அடித்த பெயிண்ட் பழைய எழுத்துகளை மூடியிருக்கும். விற்பவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலும் அவருக்கே தெரியாது. ஆனால் வாங்குபவர் ஒரு பெயரை நம்பிப் பணம் கொடுத்துவிட்டு, பொருந்தாத உதிரிப்பாகங்களோடு அல்லாடுகிறார். பெயர் அழிந்தாலும் ஃபிரேமின் அளவுகள் அழிவதில்லை. வெர்னியர் காலிப்பர், அளவு நாடா, டார்ச், சிறு காந்தம், நான்கு மீட்டர் நூல், 5, 6 மில்லிமீட்டர் ஆலன் சாவிகள் ஆகியவற்றோடு போனால் அரை மணி நேரத்தில் அந்த வண்டி எந்த நாட்டது, ஏறக்குறைய எந்தக் காலத்தது, கேட்கும் விலைக்குத் தகுமா என்று தெரிந்துகொள்ளலாம்.

முதலில், அது டூரிங் வண்டிதானா? வளைந்த ஹேண்டில் பாரும் கேரியரும் இருப்பதால் மட்டும் டூரிங் ஆகிவிடாது. பெடல் அச்சின் மையத்திலிருந்து பின்சக்கர அச்சின் மையம் வரை அளந்து பாருங்கள். ரேஸ் ஃபிரேமில் இது 41 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். டூரிங் ஃபிரேமில் 43 முதல் 46 வரை. இந்த நீளம் இல்லையென்றால் பின்னால் பை மாட்டி மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கும். பின்சக்கர அச்சு உட்காரும் தகடான டிராப் அவுட்டில் மட்கார்டுக்கு ஒன்று, கேரியருக்கு ஒன்று என இரண்டு துளைகள் இருப்பது நல்ல அறிகுறி. டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே மட்கார்டு நுழைய இடம் வேண்டும். ரிம்மின் இருபுறமும் தனித்தனிக் கைகளாக நிற்கும் கான்டிலீவர் பிரேக்குக்கான முளைகள் ஃபிரேமோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது 531 என்ற எண். ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935-இல் பர்மிங்காமில் அறிமுகப்படுத்திய மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகுக் குழாய் அது. சுவர் மெலிந்தது, ஆனால் உறுதியானது. அதனால்தான் இந்த மதிப்பு. அந்த ஸ்டிக்கரின் மறுபதிப்பை இன்று யாரும் காசு கொடுத்து வாங்கி ஒட்டலாம் என்பதால், புதுப் பெயிண்டின் மேல் பளிச்சென்று இருக்கும் ஸ்டிக்கர் எதற்கும் சாட்சி அல்ல. அசல் ஸ்டிக்கரையும் எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். டியூப் (குழாய்), போர்க் (முன்சக்கரக் கவை), ஸ்டே (பின்புறக் கம்பி) ஆகிய மூன்றையும் குறிப்பிட்டிருந்தால்தான் முழு ஃபிரேமும் 531. ஃபிரேம் டியூப் என்று மட்டும் இருந்தால் பெரிய குழாய்கள் மூன்று மட்டுமே அந்த எஃகு. போர்க்கும் பின்புறக் கம்பிகளும் சாதாரண இரும்பாக இருக்கலாம்.

ஸ்டிக்கரை விட நம்பத்தக்கது, சீட்டைத் தாங்கும் தண்டான சீட் பில்லரின் விட்டம். பிரிட்டிஷ், ஜப்பானிய ஃபிரேம்களில் அந்தத் தண்டு இறங்கும் குழாயான சீட் டியூபின் வெளிவிட்டம் 28.6 மில்லிமீட்டர். பில்லர் 27.2 என்றால் குழாய்ச் சுவர் 0.6 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கிறது என்று பொருள். இரு முனையும் தடித்து நடுவில் மெலிந்த, நல்ல டபுள் பட்டட் குழாய்க்கு உரிய அளவு அது. 26.8 என்றால் சுவர் கொஞ்சம் தடிப்பு, கனமான பயணத்துக்கு அது குறையும் அல்ல. 25.4 என்றால் சுவர் ஒன்றரை மில்லிமீட்டர். எந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் அது கனமான சாதாரணக் குழாய்தான். பில்லரை உருவிப் பார்த்தால் அதன் மேலேயே அளவு பொறித்திருக்கும், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். முந்தைய உரிமையாளர் சிறிய பில்லரைத் தகடு சுற்றிச் செருகியிருக்கலாம். அப்படியானால் குழாய்கள் சேரும் இடத்து உறையான லக்கின் காதுகள் ஒன்றையொன்று நோக்கி நெருங்கி வளைந்திருக்கும். குழாயின் உள்விட்டத்தையும் அளந்து உறுதி செய்யுங்கள். 27.2 என்பது மெல்லிய குழாய் என்பதற்கு மட்டுமே சான்று. மிலானின் கொலம்பஸ், ஜப்பானின் டாங்கே குழாய்களிலும் அதே அளவு வரும்.

பில்லரை உருவச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அளவை விட அதுவே முக்கியம். அலுமினியப் பில்லர் எஃகுக் குழாயில் பல ஆண்டுகள் மழை ஈரத்தோடு கிடந்தால் மின்வேதி அரிப்பில் இரண்டும் ஒன்றோடொன்று இறுகிவிடும். போல்ட்டைத் தளர்த்திவிட்டு சீட்டைத் திருகிப் பாருங்கள். அசையவில்லை என்றால் அந்த ஃபிரேமை இறுகிய பில்லரோடு சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்; வெளியே எடுக்க அறுக்க நேரலாம், அறுக்கும்போது குழாய் கெடலாம். ஹேண்டில் பாரைத் தாங்கும் ஸ்டெம்முக்கும் இதே சோதனை. 'எண்ணெய் விட்டால் வந்துவிடும்' என்று யார் சொன்னாலும், வந்த பிறகு வாங்குகிறேன் என்று சொல்லுங்கள்.

நாட்டைக் கண்டுபிடிக்க வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சு ஓடும் குழலை, அதாவது பி.பி. ஷெல்லை அளக்க வேண்டும். அச்சைத் தாங்க இருபுறமும் திருகியிருக்கும் கப்புகளை விட்டுவிட்டு ஷெல்லின் அகலத்தை மட்டும் எடுங்கள். 70 மில்லிமீட்டர் என்றால் இத்தாலிய மரை. 71 அல்லது 76 என்றால் நாட்டிங்காம் தொழிற்சாலையின் ராலே என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம். அந்த ஷெல்லில் அங்குலத்துக்கு 26 மரை. உலகம் முழுவதும் கிடைக்கும் 24 மரைக் கப் அதில் ஏறாது. தெரியாமல் இறுக்கினால் ஷெல்லின் மரை நாசமாகும். ராலேவின் உயர்ரக ஃபிரேம்கள் பல வொர்க்சாப்பில் இருந்த கார்ல்டன் பட்டறையிலிருந்து வந்தவை. அவற்றில் வழக்கமான 68 மில்லிமீட்டர், 24 மரைதான்.

68 என்று வந்தால் பிரிட்டிஷ், ஜப்பானிய, பிரெஞ்சு மூன்றுமே சாத்தியம், இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பிரெஞ்சு வண்டியில் சீட் டியூப் 28.0, ஸ்டெம் 22.0 மில்லிமீட்டர், மற்ற இரண்டிலும் 28.6, 22.2. ஸ்டெம்மில் உள்ள 0.2 வேறுபாடு நாடாவில் தெரியாது, காலிப்பர் கட்டாயம் வேண்டும். பெயிண்டின் தடிப்பும் கணக்கைக் கெடுக்கும் என்பதால், கியர் மாற்றியின் வளையத்துக்கு அடியில் பெயிண்ட் தேய்ந்த இடத்தில் அளப்பது நல்லது. கால் வைக்கும் பெடலின் சொந்தத் தண்டு முனையையும் பாருங்கள்: வலது, இடது என்பதற்கு டி, ஜி என்ற எழுத்துகள் இருந்தால் பிரெஞ்சுப் பெடல், அதன் மரை 14 மில்லிமீட்டர், மற்றவற்றில் 9/16 அங்குலம். பிரெஞ்சு வண்டி மட்டமானது என்பது இதற்குப் பொருளல்ல. அந்நாட்டின் பழைய டூரிங் வண்டிகளில் மிக அருமையானவை உண்டு. ஆனால் பிரெஞ்சு அளவான 35×1 மரைக் கப்புக்கும் 22.0 ஸ்டெம்முக்கும் தேடி அலைய நேரம் இருப்பவர்தான் அதை வாங்க வேண்டும். கழற்றுபவருக்கும் ஓர் எச்சரிக்கை: பிரிட்டிஷ் ஷெல்லில் வலப்பக்கக் கப் இடது மரை, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும், பிரெஞ்சு, இத்தாலிய ஷெல்களில் இருபக்கமும் வலது மரை. எதிர்த் திசையில் நீண்ட ஸ்பானர் போட்டு அழுத்தினால் கப்பின் விளிம்பு வழுக்கிப் போகும். பெடலைத் தாங்கும் கையான கிராங்கைக் கழற்றும் கருவியிலும் இதே கவனம் தேவை. வழக்கமானது 22 மில்லிமீட்டர்; பிரெஞ்சு நிறுவனங்களான டி.ஏ.வின் பழைய கிராங்குக்கு 23, ஸ்ட்ராங்லைட்டின் பழைய கிராங்குக்கு 23.35. பெரிய துளையில் சிறிய கருவி ஏறியது போலத் தோன்றும், இழுக்கும்போது அலுமினிய மரையைப் பிய்த்துக்கொண்டு வரும்.

காலத்தைக் கணிக்க உதிரிப்பாகங்கள் உதவும். ஷிமானோ பாகங்களின் பின்புறத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும்: முதலாவது ஆண்டு, 1976-க்கு ஏ என்று தொடங்கி வரிசையாக, இரண்டாவது மாதம். ஜி, சி என்றால் 1982 மார்ச். பின்சக்கர நடுவில் கியரை அடக்கிய ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப்பின் மேல் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் மாத எண்ணும் நேராகவே பொறித்திருக்கும். ஒரே பாகத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். கிராங்க், ஹப், பின் கியர் மாற்றி மூன்றும் இரண்டு ஆண்டு இடைவெளிக்குள் இருந்தால் வண்டி பெரும்பாலும் பிறந்தபடியே இருக்கிறது. ஒன்று மட்டும் பத்து ஆண்டு பிந்தியது என்றால் அது மாற்றப்பட்டது. ஃபிரேமைப் பொறுத்தவரை, பின் டிராப் அவுட்டுகளின் இடைவெளி 120 மில்லிமீட்டர் என்றால் ஐந்து பல்சக்கரக் காலம், 126 என்றால் ஆறு, ஏழு பல்சக்கரங்கள் வந்த காலம். எஃகு ஃபிரேமை விரித்து வளைக்க முடியும் என்பதால் இது துணைச் சான்று மட்டுமே.

ஷெல்லின் அடியிலோ, டிராப் அவுட்டிலோ, சீட் லக்கின் பின்னாலோ எண் இருக்கும். பெயிண்டைச் சுரண்டாதீர்கள். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் தெரியும். இல்லையென்றால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுங்கள். 1970-களின் நடுப்பகுதிக்குப் பிந்தைய ராலேக்களில் என் என்ற முதல் எழுத்து நாட்டிங்காமையும், டபிள்யூ வொர்க்சாப்பையும் குறிக்கும். எழுத்துகளுக்குப் பின் வரும் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். 5 என்பது 1975-ஆ 1985-ஆ என்பதை உதிரிப்பாகங்களின் தேதிதான் தீர்க்கும். சிறு பட்டறைகளில் பல, போர்க்கின் தண்டிலும் அதே எண்ணைப் பொறித்தன. இரண்டும் ஒத்துப்போனால் போர்க் அசல்.

செய்தவர் பெயரை வடிவத்தை வைத்தே சொல்லக்கூடிய வண்டிகள் மிகச் சில. பின்புறக் கம்பிகள் நெளிநெளியாக வளைந்திருந்தால் ஹெட்சின்ஸ்; போர்க் இரட்டை வளைவோடு இறங்கினால் பேட்ஸ். மற்றபடி, 'இந்த லக் வேலைப்பாடு இன்னாருடையது' என்று உறுதியாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். நெர்வெக்ஸ் லக்குகள் பிரான்சிலிருந்து பல நாட்டுப் பட்டறைகளுக்கும் போனவை. இத்தாலியின் கம்பாக்னோலோ டிராப் அவுட்டும் அப்படியே. அதில் பொறித்திருப்பது தகடு செய்தவர் பெயர், ஃபிரேம் செய்தவர் பெயர் அல்ல. 1955-இல் தொடங்கிய வெட்டரன்-சைக்கிள் கிளப்பில் பல பழைய தயாரிப்புகளை ஆழமாக அறிந்தவர்கள் இருக்கிறார்கள். எண்ணும் படமும் அளவுகளும் கொடுத்தால் அவர்களிடம் கேட்கலாம். அப்போதும் தெரியாவிட்டால், '1970-களின் நல்ல பிரிட்டிஷ் டூரிங் ஃபிரேம், செய்தவர் தெரியவில்லை' என்பதே நேர்மையான விவரம், அதற்கு உரிய விலையையே கொடுக்க வேண்டும்.

எந்தப் பெயரானாலும் வளைந்த ஃபிரேம் வேண்டாம். முன்னால் மோதிய வண்டியில் கீழ்க்குழாயின் அடிப்பக்கம், ஹேண்டில் பார் இறங்கும் ஹெட் டியூபின் லக்குக்குச் சில சென்டிமீட்டர் பின்னால், மெல்லிய சுருக்கம் விழும். கண்ணை விட விரல் அதை எளிதில் உணரும். புட்டி பூசி மறைத்திருந்தால் அந்த இடத்தில் காந்தம் வலுவிழக்கும். பிறகு நூலை ஒரு பின் டிராப் அவுட்டில் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றி, மறு டிராப் அவுட்டுக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட் டியூபுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக வர வேண்டும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் பின்புறம் கோணியிருக்கிறது.

டயரைப் பற்றி நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊரில் ஓட்டிப் பழகிய பெரிய சைக்கிளின் 28×1½ டயர், 635 மில்லிமீட்டர் ரிம்முக்கானது. பழைய பிரிட்டிஷ் டூரிங்கின் 27×1¼ டயருக்கு ரிம் 630. இன்றைய 700சி-க்கு 622. பெயரளவில் பக்கத்துப் பக்கத்து அளவு போலத் தெரிந்தாலும் ஒன்றின் டயர் மற்றதில் உட்காராது. டயரின் பக்கவாட்டில் 32-630 என்பது போல உள்ள எண்ணைப் பாருங்கள். 630 ரிம்மை 622 ஆக மாற்ற விரும்பினால் பிரேக் கட்டை 4 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும். பக்கவாட்டில் இழுக்கும் பிரேக்கில் அந்த இடம் பெரும்பாலும் இருக்கும். கான்டிலீவரில் முளை அசையாது என்பதால் வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள்.

தங்களிடம் என் வேண்டுகோள் இது. பழைய சைக்கிள் விளம்பரம் தருவோரிடம் சீட் பில்லர் விட்டம், பி.பி. ஷெல் அகலம், பின் டிராப் அவுட் இடைவெளி, டயரின் எண் ஆகிய நான்கையும், பில்லரும் ஸ்டெம்மும் அசைகின்றனவா என்பதையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். விளம்பரத்தில் இரண்டு வரிதான் கூடும். ஃபிரேம் எண்ணை மட்டும் அச்சிட வேண்டாம். பிறர் அதை எடுத்துத் தம்முடையது என்று உரிமை கோர இடமாகும். நேரில் கேட்பவருக்கு விற்பவர் சொன்னால் போதும். வாங்குபவர் அந்த எண்ணை, காவல் துறையும் பயன்படுத்தும் பைக்ரெஜிஸ்டர் பதிவில் கட்டணமின்றித் தேடி, திருட்டு வண்டியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். ரசீதிலும் அதே எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
பழைய சைக்கிள்களில் ஈடுபாடுள்ள வாசகர்,
பர்மிங்காம்