ஜவ்வரிசியின் வெண்மையும் எரிவாயுக் கலனும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கும் சேலம், நாமக்கல் மாவட்ட சேகோ ஆலைகளில், கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன் செயலிழந்தால் பராமரிப்பவர்களையே குறை சொல்கிறார்கள். 11 ஆண்டுகளாக இவ்வேலையில் இருக்கும் நான், ஜவ்வரிசியை வெளுப்பாக்கச் சில ஆலைகள் சேர்க்கும் ரசாயனங்களையும் கவனிக்க வேண்டும் என்கிறேன்.

காற்றுப் புகாத கலனுக்குள் ஒருவகை நுண்ணுயிர்கள் மாவுச்சத்தை அமிலமாக்க, வேறொரு வகை அந்த அமிலத்தை மீத்தேனாக மாற்றுகிறது. முன்னவை சில மணி நேரத்தில் பெருகிவிடும். பின்னவை இருமடங்காகப் பல நாட்கள் ஆகும், நஞ்சுக்கு எளிதில் இரையாவதும் அவையே. மரவள்ளியில் இயல்பாகவே உள்ள சயனைடுக்குக்கூட, அளவு மெல்ல மெல்லக் கூடினால் அவை பழகிக்கொள்கின்றன. ஆனால் வெளுப்புக்காகச் சேர்க்கும் குளோரின் சேர்மமான ஹைப்போகுளோரைட் கலந்த நீர் மொத்தமாக வந்து விழும்போது பழகுவதற்கு அவகாசம் ஏது? வெளுப்புக்குச் சேர்க்கும் மற்றொன்றான கந்தக அமிலம் சேர்ந்தால் அதிலுள்ள சல்பேட்டை உண்ணும் பாக்டீரியாக்கள் பெருகி, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. அதுவும் மீத்தேன் ஆக்கும் உயிர்களுக்கு நஞ்சுதான்.

நான் முன்பு வேலை பார்த்த ஆலையில், ஓர் இரவு வெளுப்புத் தொட்டியை அப்படியே கலனுக்குத் திறந்துவிட்டார்கள். மறுநாள் அடுப்பில் சுடர் பர்னரை விட்டு எழும்பி எழும்பி அணைந்தது. மூன்றாம் நாள் கலன் நீரில் புளித்த காடி வாடை, 7.1 இருந்த பிஎச் (குறையக் குறைய அமிலத்தன்மை கூடியதைக் காட்டும் அளவு) 5.8க்கு இறங்கியிருந்தது. கலனுக்குக் கழிவுநீர் வருவதை நிறுத்தி, சுண்ணாம்பு கரைத்து ஊற்றி, வேறோர் ஆலையின் கலனிலிருந்து நுண்ணுயிர்கள் நிறைந்த சேற்றைக் கொண்டுவந்து சேர்த்தும், சுடர் நிலைக்க ஏழு வாரங்கள் பிடித்தன. அதுவரை விறகுக்குச் செலவழித்ததைவிட, அரைகுறையாகச் சுத்திகரித்த நீர் ஓடையில் கலந்ததே எனக்குப் பெரும் வேதனை.

ஆகவே, வெளுப்பு நீருக்குத் தனி வடிகாலும் தனிச் சுத்திகரிப்பும் கட்டாயமாக்கப்பட வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் வெளியேறும் நீரை மட்டும் எடுத்துச் செல்லாமல், கலனுக்குள் போகும் நீரில் குளோரின் இருக்கிறதா என்றும், கலனுக்குள் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஆவியாகும் அமிலங்களுக்கும் அவற்றைச் சமன்செய்யும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதம் என்னவென்றும் பார்க்க வேண்டும். பிஎச் சரிவதற்கு முன்பே இவ்விகிதம் 0.4ஐத் தாண்டி எச்சரித்துவிடும். வியாபாரிகளும் சற்றே மங்கிய நிறமுள்ள ஜவ்வரிசிக்கு விலையைக் குறைக்காமல் வாங்கினால், ஆலைகள் இந்த ரசாயனங்களைத் தேடிப் போகும் கட்டாயம் குறையும்.

இப்படிக்கு,
எரிவாயுக் கலன் பராமரிப்பாளர்,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.