விசுவாசப் பிரமாணம் சொல்லாமல் நிற்பவன்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சுகம், பெரியவன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டான். மற்றச் செய்திகள் இருக்கட்டும், கடைசிப் பாராவில் கேட்டிருந்தாயே, “நீ விசுவாசத்தை விட்டுப் பின்மாறிட்டன்னு ஊர்ல பேசிக்கிறாங்களே, உண்மையா?” என்று, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீ தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வதுதான் மரியாதை.

கோயிலுக்குப் போகிறேன். என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், அதே இடதுபக்க பெஞ்சில் உட்கார்ந்து, கீர்த்தனையும் பாமாலையும் வாய்விட்டுத்தான் பாடுகிறேன். ஆனால் என்னென்ன நம்புகிறோம் என்று சபையாகச் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்துக்கு எல்லோரும் எழும்போது எழுந்து நிற்பேன், சொல்ல மாட்டேன். அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து நேரத்தில் முன்னே போவதில்லை. சரீரம் மறுபடி உயிர்த்தெழும் என்றோ, இயேசுவின் பெயரைச் சொல்லி ஏற்றுக்கொண்டவனுக்கு மட்டும்தான் இரட்சிப்பு என்றோ நான் நம்பவில்லை. நம்பாததை நம்புகிறேன் என்று கோயிலில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

தேர்தல் சண்டை, கோர்ட்டு வழக்கு என்று சபைக்குள் நடப்பதைப் பார்த்து வெறுத்துப் போனான் என்று சிலர் உன்னிடம் சொல்லியிருக்கலாம். அது இல்லை. மனிதர்கள் கூடும் இடத்தில் சண்டை இருக்கத்தான் செய்யும். அறிவியல் படித்ததாலும் இல்லை, ஆதியாகமத்தின் ஆறு நாள் படைப்பைப் பற்றி எனக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

எனக்குத் தீராத கேள்வி நரகம்தான். எங்கள் எதிர்வீட்டு ஆச்சியை உனக்கு ஞாபகம் இருக்கும். அம்மா ஸ்கூலுக்குப் போன பிறகு எனக்குச் சோறு ஊட்டி, காய்ச்சல் வந்தால் நெற்றியில் பற்றுப் போட்டு வளர்த்தவள் அவள். சுடலைமாடன் கொடைக்கு நேர்ச்சை எடுப்பாள், கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டில் வந்து முறுக்குச் சுற்றுவாள். அந்த மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் அகலமான வழி, இடுக்கமான வழி என்று பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தார்களே, அகல வழியின் முடிவில் தீ எரிந்ததே, அந்தத் தீயில் ஆச்சியும் இருப்பாளா என்று நான் கேட்டேன். பாடம் நடத்திய அக்கா நல்லவள், திட்டவில்லை. “அதுக்குத்தான் நாம அவங்களுக்குச் சொல்லணும்” என்றாள். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. ஆச்சி கடைசிவரை மனம் மாறவில்லை, மாற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை, மகன் வீட்டில் நிம்மதியாகச் செத்துப்போனாள். அவளைத் தீயில் போடுகிற ஒருவரை அன்பே உருவானவர் என்று சொல்ல என்னால் முடியாது. அதற்கு வசனத்தோடு எத்தனையோ விளக்கம் கேட்டுவிட்டேன், ஒன்றும் மனசுக்குள் போகவில்லை.

நம் ஆட்கள் இதைத் துரோகம் மாதிரி பார்ப்பதுதான் எனக்கு விளங்கவே மாட்டேன் என்கிறது. நம் பூட்டன்மார் பனையேறிக்கொண்டிருந்தவர்கள், சொந்த சாமியை விட்டு வந்தவர்கள். ஊர் விலக்கு, அடி, கூரைக்குத் தீ எல்லாம் பட்டுத்தான் வந்தார்கள். 1799-இல் முதலூர் எப்படி உண்டாயிற்று? சொந்த ஊரில் வாழ விடாததால்தானே தனி நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அவர்கள் விட்டு வந்ததை வருஷா வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகையில் பெருமையாகப் பேசுகிறோம். பிரசங்கத்தில் சொல்லாத பகுதியும் இருக்கிறது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து இத்தனை கிராமங்களில் சபை நட்ட மிஷனரி ரேனியஸ் ஐயரையே, திருச்சபை முறைமைகளில் கருத்து வேற்றுமை என்று 1835-இல் மிஷன் விலக்கிவிட்டது. 1857-இல் பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை என்பவர் வெள்ளைக்கார மிஷனரிகளே வேண்டாம் என்று பிரிந்து, சனிக்கிழமை ஓய்வுநாளாக வைத்துத் தனிச் சபையே தொடங்கினார். மனசாட்சிக்கு ஒத்துவராததை விட்டு விலகுவது நம் மண்ணில் புதுசு இல்லை மக்கா, நம் சபையே அப்படி வந்ததுதான். நானும் அந்த வழியில் வந்தவன் என்றுதான் நினைக்கிறேன்.

பட்ட கடனை மறக்கவும் இல்லை. மிஷன் போர்டிங் பள்ளி இல்லாவிட்டால் எங்கள் பாட்டி எழுத்துக் கூட்டிப் படித்திருக்க மாட்டாள், டீச்சராகவும் ஆகியிருக்க மாட்டாள், அவள் சம்பளத்தில்தான் அப்பா காலேஜுக்குப் போனார். அதனால் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை நிறுத்தவில்லை, ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்குப் பீஸாகக் கொடுக்கிறேன். இயேசுவை விட்டேனா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். வரி வசூலிப்பவன் என்று ஊரே வெறுத்த ஆயக்காரனோடு உட்கார்ந்து சாப்பிட்டவரை எப்படி விட முடியும். மத்தேயு 25-ஐ எடுத்துப் பார், நியாயத்தீர்ப்பில் பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தாயா, காவலில் இருந்தவனைப் போய்ப் பார்த்தாயா என்றுதான் கேட்கப்படுகிறது, என்ன நம்பினாய் என்ற கேள்வி அங்கே இல்லை. ஆச்சி அந்தப் பரீட்சையில் நம் எல்லோரையும்விட மேலே நிற்பாள்.

கஷ்டமானது அம்மா விஷயம்தான். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம் இன்னும் நடக்கிறது. அம்மாவுக்கு இப்போது பொடி எழுத்து தெரிவதில்லை, அதனால் சங்கீதத்தை நான்தான் வாசிக்கிறேன். பெரிய எழுத்தில் புது மொழிபெயர்ப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தேன், அது வேண்டாமாம், அட்டை பிய்ந்து நூல் தொங்கும் அந்தப் பழைய வேதாகமம்தான் வேண்டும். அதில் அவளுக்குப் பிடித்த வரிகளின் கீழ் சிவப்புப் பென்சில் கோடும் ஓரத்தில் தேதியும் இருக்கும். தாத்தா செத்த தேதி, எனக்கு வேலை கிடைத்த தேதி, மழை இல்லாமல் கிணறு வற்றிய வருஷம். நான் நம்பவில்லை என்று அவளுக்குத் தெரியும், நானே சொல்லிவிட்டேன். அன்று அழுதாள், இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அப்புறம் ஒரு ராத்திரி புத்தகத்தை என் கையில் கொடுத்து, “வாசிக்கிறதுல என்ன, வாசி” என்றாள். வாசித்து முடித்ததும் என் பேரைச் சொல்லி ஜெபிக்கிறாள், நானும் அவள் பக்கத்திலேயே முழங்காலில் இருக்கிறேன். அந்த ஜெபம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவள் எனக்காக இதைவிடப் பெரிதாக வேறொன்றும் செய்துவிட முடியாது என்பது தெரியும்.

பெரியவனுக்கு அடுத்த வருஷம் திடப்படுத்தல், தானே விசுவாசத்தை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லும் சடங்கு. வகுப்புக்குப் போகட்டும், எல்லாம் படிக்கட்டும் என்றுதான் சொல்லியிருக்கிறேன். போன வாரம் வந்து, “அப்பா, பேராயர் தலையில் கை வைக்கும்போது நான் நிஜமாகவே நம்பணுமா?” என்று கேட்டான். நம்பினால் போய் நில், சந்தேகம் இருந்தால் ஒரு வருஷம் தள்ளிப்போடு, எதுவானாலும் நான் உன் பக்கம்தான் என்றேன். அவன் அம்மாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அவள் விசுவாசி, அவளிடமும் நான் எதையும் மறைப்பதில்லை, இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் பேச்சு இன்னும் முடியவில்லை. இவ்வளவு நாள் உபதேசியார் இல்லாத ஊரில் ஞாயிறு பாடசாலை நடத்தியவன் நீ, என்னைவிட உனக்குப் பிள்ளைகளைத் தெரியும். அவனுக்கு நீ என்ன சொல்லியிருப்பாய்? எனக்காகப் பூசி மெழுகாமல் எழுது.

கோயிலில் எல்லோருக்கும் சோறு போடும் அசனத்துக்கு ஊருக்கு வா. ராத்திரி முழுக்க அண்டாவில் சோறு வடித்துப் பாயில் கொட்டுவதை விடிகாலையில் போய்ப் பார்ப்போமே, இந்த வருஷமும் நான் கறி வெட்டும் பக்கம்தான் இருப்பேன், கமிட்டியில் பேர் கொடுத்துவிட்டேன். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்வீட்டு ஆச்சியின் பேரப்பிள்ளைகள் வழக்கம்போல் தூக்குவாளியோடு வருவார்கள். நீ லீவு போட முடியுமா என்று மட்டும் சீக்கிரம் தெரியப்படுத்து, ரயில் டிக்கெட் இப்போதே எடுத்தால்தான் கிடைக்கும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி