மண்டபத் திருப்பணி நிறைவு அறிக்கை: கரண்டு எங்கே போய்க்கொண்டிருந்தது?

அன்புள்ள சங்க உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் சங்கக் கட்டடத்தில் நடந்துவந்த மின் சிக்கன வேலைகள் முடிந்துவிட்டன. கீழே பந்திக் கூடம், மேலே மண்டபம், பக்கத்துக் கட்டடத்தில் படிப்பகம், அலுவலகம், தங்கும் அறைகள் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. வரவு செலவுக் கணக்கு தணிக்கையாளர் கையெழுத்தோடு அறிவிப்புப் பலகையில் இருக்கிறது, அதைத் திரும்ப இங்கே எழுதப்போவதில்லை. எதை முதலில் செய்தோம், எதைக் கடைசிக்குத் தள்ளினோம், எதைத் தொடவே இல்லை என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பொதுக்குழுவில் பாதிப் பேர் கேட்டது ஒன்றைத்தான்: "மொட்டை மாடி முழுக்க சோலார் போட்டுட்டா முடிஞ்சது, எதுக்கு இவ்வளவு சுத்து?"

சோலாரும் போட்டிருக்கிறோம், ஆனால் கடைசியில், அதுவும் சின்னதாக. காரணம் நம்முடையது கல்யாண மண்டபம். முகூர்த்த நாளில் கரண்டை விழுங்கும், ஆடியிலும் மார்கழியிலும் பூட்டிக் கிடக்கும். சூரியனுக்கு ஆடி, மார்கழி தெரியாது. வணிக இணைப்பில் நாம் கிரிட்டுக்கு, அதாவது மின்வாரியத்தின் கம்பிக்கு, கொடுக்கும் யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை, நாம் வாங்கும் விலையைவிடக் குறைவு. ஆகவே தினமும் பகலில் ஓடுகிற படிப்பகம், அலுவலகம், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்கு எவ்வளவு தேவையோ அந்த அளவுக்கு 10 கிலோவாட் போதும் என்று முடிவு செய்தோம். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், அப்படியானால் நாளைக்கு 40 யூனிட். அவ்வளவுதான் சோலார் கதை, இனி மற்ற வேலைகளுக்கு வருகிறேன்.

முதல் வேலை பொருள் வாங்குவது இல்லை, அளப்பது. மண்டபம், பந்திக் கூடம், படிப்பகம், மோட்டார் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சப் மீட்டர் வைத்தோம். வைத்த முதல் வாரத்திலேயே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நிகழ்ச்சியே இல்லாத நாளில், ராத்திரி கேட்டைப் பூட்டிய பிறகும் மோட்டார் மீட்டர் ஓடியிருந்தது. போய்ப் பார்த்தால், தண்ணீர் நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த வேண்டிய மேல்நிலைத் தொட்டி மிதவை கெட்டுப்போய் மோட்டார் நிற்கவே இல்லை. நிரம்பி வழிந்தால் யாராவது சத்தம் போட்டிருப்பார்கள். ஆனால் நம் கட்டடத்தில் வழிகிற தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பக் கீழ்த்தொட்டிக்கே வந்துவிடும், ஒரு சொட்டு வெளியே தெரியாது. அதே தண்ணீரை ராத்திரி முழுக்க ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது மோட்டார். இது எத்தனை நாளாக நடந்தது என்று யாருக்கும் தெரியாது. சரி செய்ய ஆன செலவு ஒரு மிதவையும் பிளம்பர் கூலியும்.

அடுத்து கூரை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அதிகமாகச் சத்தம் வந்தது இதற்குத்தான் ("ஏ.சி.க்குக் காசு கேட்டா தளம் போடுறீங்களே"). நம் மண்டபம் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது. கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு பல மணி நேரம் கழித்துத்தான் உள்ளே இறக்கும். மத்தியானம் விழுந்த வெயில் சாயங்காலம் ஏழு மணிக்கு, சரியாக ரிசப்ஷன் களைகட்டும் நேரத்தில், விருந்தினர் தலைமேல் இறங்குகிறது. அதை எதிர்த்துத்தான் ஏ.சி. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நம் தாத்தா காலத்துக் கட்டடங்களில் சுண்ணாம்பு ஜல்லி போட்டு அதன்மேல் தட்டோடு பதித்தது சும்மா இல்லை. நம் தளத்தில் முன்பு பதித்திருந்த ஓடு பாதிக்கு மேல் பெயர்ந்திருந்தது. அதை எடுத்துவிட்டு, ஒழுகலைச் சரிசெய்து, மறுபடி தட்டோடு பதித்து, மேலே வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்திருக்கிறோம். தூசி படிந்தால் பூச்சின் பலன் குறைந்துவிடும், ஆகவே ஒவ்வொரு மாசிக்கும் தளத்தைக் கழுவுவது இனி மேனேஜரின் வேலைப் பட்டியலில் இருக்கிறது.

கூரை முடிந்த பிறகுதான் ஏ.சி. விலைப்பட்டியல் கேட்டோம். முதலில் வந்த ஆள் பழைய டன் கணக்கையே எழுதி, மேலே கொஞ்சம் சேர்த்துக் கொடுத்திருந்தார். தளம் சரியாகி, கதவு இடுக்குகளை அடைத்து, மேற்குப் பக்க ஜன்னலுக்கு வெளியே தட்டி கட்டிய பிறகு கணக்குப் போட்டால் அதைவிடக் குறைவாகவே போதுமானது. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலும் 2009ல் தொடங்கிய வேலையில் இதே வரிசைதான்: 6,514 ஜன்னல்களையும் கழற்றி, அதே கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் வைத்தே செப்பனிட்டு மாட்டினார்கள். இது போன்ற வேலைகளால் வெப்பச் சுமை குறைந்ததால் குளிரூட்டும் இயந்திரங்களைப் பெரிதாக்க வேண்டியதில்லாமல் போனது. அவர்களுக்கு 102 மாடி, நமக்கு ஒன்று.

பழைய ஏ.சி.களைப் பற்றி இன்னொன்று. அவற்றில் இருந்தது ஆர்22 வாயு. ஒவ்வொரு சித்திரையிலும் "கேஸ் கம்மி" என்று நிரப்பினோம். நிரப்பினோம் என்றால் முந்தைய வருடம் நிரப்பியது எங்கோ கசிந்து காற்றில் போய்விட்டது என்று அர்த்தம். ஓசோனைக் கெடுப்பது தனி. ஒரு கிலோ ஆர்22 கசிந்தால் அது பூமியைச் சூடாக்குவது சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இந்தியாவின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அந்தக் கணக்கில் ஒரு கிலோ கேஸ் என்பது 2,500 யூனிட் மின்சாரம் எரித்ததற்கு ஒப்பு, அதாவது நம் சோலார் இரண்டு மாதம் உழைத்துத் தருவதைவிட அதிகம். இது மின் கட்டண அட்டையில் வரவே வராது. அதனால் பழைய ஏ.சி.யைக் கழற்றும்போது குழு உறுப்பினர் ஒருவர் கூடவே நின்றார். மெக்கானிக் வழக்கம்போல ஸ்பானரை வைத்து வால்வைத் திறந்து வெளியே விடப்போனார், "இதுதான் சார் எல்லாரும் செய்றது" என்றார். நிறுத்தி, மிஷின் வரவழைத்து வாயுவை சிலிண்டரில் இறக்கச் சொன்னோம். அரை நாள் தாமதம், கூடுதல் கூலி, கணக்கில் அதற்குத் தனி வரி இருக்கிறது. புது ஏ.சி.கள் ஆர்32. அதுவும் தீங்கில்லாதது அல்ல, ஆனால் கரியமில வாயுவைப் போலச் சுமார் 675 மடங்கு சூடாக்குவது என்கிற அளவில் நின்றுவிடும்.

விசிறி, விளக்கு விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், குறைந்த கரண்டில் ஓடும் புது வகை மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். மண்டபத்திலும் பந்திக் கூடத்திலும் சேர்த்து 64 ஃபேன் மாற்றியதில் எல்லாம் ஓடும்போது கிட்டத்தட்ட 3 கிலோவாட் குறைகிறது. தங்கும் அறைகளில் மட்டும் பழைய ஃபேனே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். மாதத்தில் நாலைந்து நாள் சுற்றுகிற ஃபேனை மாற்றினால் போட்ட காசு திரும்ப வர ஒரு தலைமுறை ஆகும், நல்ல ஃபேனைக் காயலான் கடையில் போடுவதும் சிக்கனம் இல்லை. கெட்டுப்போனால் அப்போது மாற்றிக்கொள்ளலாம். "எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால்தான் அழகு" என்று சொன்ன பெரியவர்களிடம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறோம்.

மோட்டார், ஏ.சி. போன்றவை தேவைக்கு மேல் கரண்டு இழுப்பதைக் குறைக்கும் கெப்பாசிட்டர் பேனலை மாற்றியதிலும், மின்வாரியத்திடம் தேவைக்கு மேல் வாங்கி வைத்திருந்த மின்பளுவை (நாம் இழுக்க அனுமதிக்கப்பட்ட உச்ச அளவை) குறைத்து எழுதிக் கொடுத்ததிலும் பில் குறைகிறது. நிலைக்கட்டணம் பளுவின் பேரில்தானே வருகிறது. ஆனால் பளுவைக் குறைத்ததில் மிச்சமானது பணம் மட்டும், கரிப்புகை குறைந்ததாகச் சொல்ல முடியாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதால் கணக்கிலும் தனித்தனியாகவே காட்டியிருக்கிறோம்.

இத்தனையும் போக, ஒரு பைசா பெறாத ஒரு மாற்றம்தான் எங்களையே அசத்தியது. இதுவரை மண்டப வாடகையில் கரண்டுக்கு ஒரு தொகை என்று மொத்தமாக வாங்கினோம். மொத்தமாகக் கொடுத்தவர் ஏன் ஸ்விட்சை அணைக்கப்போகிறார்? ஏ.சி.யை 18ல் வைத்துவிட்டுக் கதவையும் திறந்து போட்டிருப்பார்கள். இப்போது சாவி கொடுக்கும்போது மீட்டர் ரீடிங்கை நோட்டில் எழுதி, பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ யார் எடுக்கிறார்களோ அவர்களிடம் கையெழுத்து வாங்குகிறோம், சாவி திரும்ப வரும்போது மறுபடி. ஓடிய யூனிட்டுக்கு மட்டும் காசு. ஏ.சி. 24ல் தொடங்கும், அதற்குக் கீழே வேண்டும் என்றால் மேனேஜரிடம் கேட்க வேண்டும். ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் வாரியம் (பி.இ.இ.) சொல்கிறது. இந்த முறை வந்த பிறகு, கடைசிப் பந்தி முடிந்த கையோடு மாப்பிள்ளையின் அப்பாவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடத்து ஃபேன்களை வரிசையாக அணைத்துக்கொண்டு போனதைப் பார்த்தோம். இலை எடுக்கிற பையன்கள் வியர்த்துப்போய் முறைத்தார்கள், அப்புறம் இரண்டு ஃபேன் அவர்களுக்காக மறுபடி போடப்பட்டது.

பலன் எவ்வளவு என்று கேட்பவர்கள் தயவுசெய்து பில்லின் ரூபாயைப் பார்க்காதீர்கள். கட்டண விகிதம் ஏறினால் சிக்கனம் செய்தும் பில் ஏறியது போலத் தெரியும். யூனிட்டைப் பாருங்கள், அதையும் நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். போன வருடம் இதே மாதத்தில் எத்தனை கல்யாணம் என்று தெரியாமல் ஒப்பிட்டால் அர்த்தமே இல்லை. இரண்டையும் ஒரே தாளில் எழுதி அலுவலகத்தில் மாட்டியிருக்கிறோம், ஒவ்வொரு ரீடிங்குக்கும் புதுப்பிப்போம்.

மீதி இருப்பவை: ஜெனரேட்டர். நம் தேவைக்கு மிகப் பெரியது, குறைந்த சுமையில் ஓடும்போது டீசலைக் குடிக்கிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ கரியமில வாயு. மேடை விளக்கு, மைக், படிக்கட்டு விளக்கு ஆகியவற்றுக்கு மட்டும் பேட்டரி இன்வெர்ட்டர் வைத்தால் சின்னச் சின்ன கரண்டு கட்டுக்கு ஜெனரேட்டரைத் தொட வேண்டாம். இதற்கு இரண்டு விலைப்பட்டியல் வந்திருக்கிறது, மூன்றாவது வந்ததும் பொதுக்குழுவில் வைப்போம். தங்கும் அறைகளுக்கு சோலார் வெந்நீர் போடச் சொல்லி வந்த கோரிக்கையைத் தள்ளி வைத்திருக்கிறோம். நம் போர் தண்ணீரின் உப்புக்குக் குழாய்கள் அடைத்துக்கொள்ளும், முதலில் தண்ணீருக்கு வழி பார்க்க வேண்டும்.

கழற்றிய நல்ல டியூப் லைட் பட்டிகள் ஸ்டோர் ரூமில் இருக்கின்றன. வேண்டும் உறுப்பினர்கள் மேனேஜரிடம் பெயர் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம், ஒருவருக்கு இரண்டு.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு